வன்னியில் ஒரு வயிற்றுவலியின் வரலாறு

போர்க்காலச் செய்தி எழுதுபவனின் பேனா காயங்களை மட்டுமே எண்ணப் பழகிவிடுகிறது. வன்னியிலிருந்து வந்த தகவல்களில் எறிகணையில் வீழ்ந்தோரை எண்ணினோம். குடல்வால் அழற்சியால் துடித்தோரை எண்ணவில்லை. போர் நடக்கிறது என்பதற்காகக் குடல்வால் வீங்காமல் இருப்பதில்லை. நாங்கள் எழுதாமல் விட்ட அந்தப் பக்கத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

இந்நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை 1886 இல் சூட்டியவர் பொஸ்டன் மருத்துவர் ரெஜினல்ட் ஃபிற்ஸ். தமிழில் மேலை மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கிய மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் கிறீன் மறைந்தது 1884 இல். அதாவது, அவர் காலத்தில் அந்தப் பெயரே பிறந்திருக்கவில்லை. 1889 இல் நியூயோர்க்கின் சார்ள்ஸ் மக்பேர்ணி, தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்பின் முனைக்கும் இடையே நோவு உச்சம் கொள்ளும் புள்ளியை விரலால் காட்டினார். அதன்பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் மருத்துவரின் விரலே முதன்மைக் கருவியாக இருந்தது. விரல் தவறுவதும் உண்டு. ஐயத்தின்பேரில் வெட்டியெடுத்த குடல்வால்களில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது நோயற்றவையாக இருப்பதை உலகெங்கும் அறுவை மருத்துவர்கள் இயல்பென ஏற்றிருந்தனர். தயங்கிக் காத்திருந்தால் குடல்வால் வெடித்து வயிறெங்கும் சீழ் பரவும் என்ற அச்சமே காரணம்.

ஃபிற்ஸுக்குச் சரியாக நூறாண்டு கழித்து, 1986 இல் இரண்டு வழிகள் பிறந்தன. நெதர்லாந்து மருத்துவர் பைலார்ட், அல்ட்ராசவுண்ட் கருவியால் வயிற்றை மெல்ல மெல்ல அழுத்திப் படம் பிடித்தார். நலமான குடல் அழுத்தத்திற்கு வளைந்து கொடுக்கும். அழற்சி கொண்ட குடல்வால் அமுங்காது, தடித்து நிற்கும். அதே ஆண்டில் அமெரிக்காவில் அல்பிரெடோ அல்வராடோ, பத்துப் புள்ளிகள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார். அதில் ஏழு புள்ளிகளுக்குக் கையும், நோயாளியின் வாய்மொழியும், ஒரு வெப்பமானியும் போதும். எஞ்சிய மூன்றுக்கு இரத்தப் பரிசோதனை. பின்னர் சி.ரி. ஸ்கான் இன்னும் தெளிவாகக் காட்டியது.

படத்தின் பெரும்பயன் நோயை உறுதிசெய்வது மட்டுமன்று. 'இவருக்கு நோய் இல்லை, வெட்ட வேண்டாம்' என்று துணிந்து சொல்ல வைப்பதும் அதுவே.

இனி வன்னிக்கு வருவோம். 1990 களில் அங்கே மின்சார இணைப்பு இல்லை. எரிபொருளுக்குத் தடை, மருந்துக்குக் கட்டுப்பாடு. 1996 இல் கிளிநொச்சி நகர் வீழ்ந்தபோது அதன் வைத்தியசாலை அக்கராயனுக்கு இடம்பெயர்ந்தது. மேலதிக சிகிச்சைக்கு ஒருவரை வவுனியாவுக்கு அனுப்புவதென்றால் போர்முனையைக் கடக்க வேண்டும். அதற்கு அனுமதியும் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையும் வேண்டும். வீங்கிய குடல்வால் அனுமதிக்குக் காத்திராது. ஆகவே வன்னி மருத்துவரின் கேள்வி 'வெட்டுவதா, வேண்டாமா' என்பதோடு முடியவில்லை. 'மயக்க மருந்து கையிருப்பில் உண்டா, விளக்குக்கு எண்ணெய் உண்டா, பாதை திறக்குமா' என்பனவும் நோயறிதலின் பகுதிகளாயின.

2002 இல் ஏ9 பாதை திறந்தது. அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. 2008 இன் பிற்பகுதியில் கிளிநொச்சி வைத்தியசாலை தருமபுரத்துக்குப் பெயர்ந்தது. 2009 பெப்ரவரி 4 அன்று, எறிகணை வீச்சுக்கு உள்ளான புதுக்குடியிருப்பு வைத்தியசாலையிலிருந்து நோயாளர் வெளியேற்றப்பட்டனர். பிறகு புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் எனத் தற்காலிகக் கட்டடங்களே வைத்தியசாலைகளாயின. பெப்ரவரி 10 முதல் மே மாதம் வரை செஞ்சிலுவைச் சங்கம் சுமார் 14,000 பேரைக் கடல்வழியே அப்புறப்படுத்தியது. 'காயமடைந்தோர், நோயாளர், அவர்தம் உறவினர்' என்பதே அதன் அறிக்கைகளின் வாசகம். செய்தியாளர்கள் முதற்சொல்லைத் தலைப்பாக்கினோம். இரண்டாம் சொல்லைக் கடந்து சென்றோம்.

பின்லாந்தில் 2009 இல் தொடங்கிய ஓர் ஆய்வில், குடல்வால் அழற்சிக்கு நோயுயிர்முறிகளை மட்டும் பெற்றவர்களில் பத்தில் ஆறு பேர் ஐந்தாண்டுகளுக்குக் கத்தியின்றித் தப்பினர். சிக்கலற்ற நோய் என்று சி.ரி. படத்தால் முதலில் உறுதிசெய்யப்பட்டவர்கள் அவர்கள். ஆய்வு தொடங்கிய அதே ஆண்டில், முள்ளிவாய்க்காலில் படமும் இல்லை, மருந்தும் போதவில்லை.

இன்று வன்னிக்கு மின்சாரம் வந்திருக்கிறது, பாதையும் திறந்திருக்கிறது. ஆனால் கைவிரலையே கண்ணாகக் கொண்டு அந்த ஆண்டுகளில் பணியாற்றிய வைத்தியர்களின், தாதியரின் அனுபவம் போதிய அளவில் எழுதப்படவில்லை. அவர்களுக்கு வயதாகிறது. காயங்களின் வரலாற்றை ஓரளவு எழுதிவிட்டோம். வயிற்றுவலியோடு வந்து, வெட்டப்பட்டுப் பிழைத்தவர்களின் வரலாற்றையும், வெட்ட வழியின்றி மாண்டவர்களின் வரலாற்றையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதியாக வேண்டும். அது எங்கள் தலைமுறைப் பத்திரிகையாளர்களின் தீராத கடன்.