ஊன்றுகோலும் வழக்கும்

நினையாத நேரத்தில் வாழ்க்கை குலையும்போது இறைவனை நம்புவது என்றால் வாய்மூடிப் பொறுத்துக்கொள்வது என்றே பலரும் கருதுகிறோம். ஒரு சொல் முறையிட்டாலும் பக்தி தளர்ந்துவிட்டதாக நமக்கு நாமே குற்றம் சாட்டிக்கொள்கிறோம். தேவாரம் பாடிய சுந்தரரின் வரலாறும் பதிகங்களும் இந்தக் கருத்துக்கு இடம் தரவில்லை. அவருடைய அடியார் வாழ்வே ஓர் இடையூறில்தான் தொடங்குகிறது. புத்தூரில் மணப்பந்தலில் இருந்தவரை, முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து, பாட்டனார் காலம் முதல் நீ எனக்கு அடிமை என்று மறிக்கிறார். மணமகன் பணியவில்லை, பித்தன் என்று ஏசி, ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை வெண்ணெய்நல்லூர்ச் சபையில் பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்யப்படுகிறது. தோற்றவர் பின்தொடர, முதியவராக வந்த இறைவன் கோயிலுக்குள் சென்று மறைகிறார். வன்மை பேசியதற்குத் தண்டனை உண்டா? இல்லை, ‘வன்றொண்டன்’ என்ற பட்டம் கிடைக்கிறது, ஏசிய சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்ற ஆணையும் கிடைக்கிறது.

இதைவிடக் கடுமையான முறிவு பின்னால் வருகிறது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று மகிழமரத்தடியில் சூளுரைத்தவர், திருவாரூர் வசந்த விழாவின் நினைவு எழுந்ததும் ஊர் எல்லையைக் கடக்கிறார். கடந்த அக்கணமே இரு கண்களும் ஒளி இழக்கின்றன. இது சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய கதைதானே, இதைச் சான்றாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். சூளும் மகிழமரமும் சேக்கிழார் வழி நமக்கு வருபவை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பார்வை போன துயரம் சுந்தரரின் சொந்தப் பதிகங்களிலேயே இருக்கிறது. என் வாதத்துக்கு அது போதும். திருவெண்பாக்கத்துப் பதிகத்தில், பிழை செய்தாலும் பொறுப்பாய் என்று நம்பித்தானே செய்தேன் என்கிறார். திருவாரூர்ப் பதிகத்திலோ தொனி அடியோடு மாறுகிறது: நான் ஒற்றிப் பொருள் அல்லேன், விரும்பி ஆட்பட்டவன், நீர் என்னை விற்றுக்கொள்ளவும் உரிமை உண்டு, குற்றம் ஒன்றும் செய்யாதிருக்க ஏன் குருடாக்கினீர் என்று கேட்கிறார். அடியார் அல்லல் சொல்லியும் கேளாவிட்டால் நீரே வாழ்ந்து போம் என்று குத்தலாக வாழ்த்தவும் செய்கிறார். ஓரிடத்தில் பிழை உண்டு, ஓரிடத்தில் குற்றமே இல்லை. இது முரண் அன்று. தவறு செய்தவன் தண்டனையின் அளவைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று எந்த வழக்குமன்றமும் சொல்வதில்லை. வினைப்பயன் என்று சொல்லி அடுத்தவர் வாயை அடைப்பவர்கள் இந்த இரு பதிகங்களையும் படிக்காதவர்களாகவே இருக்க வேண்டும்.

அவர் தம்பிரான் தோழர், இறைவனுக்கே நண்பர், அவருக்குச் செல்லும், நமக்குச் செல்லுமா என்பது அடுத்த தடை. ஆரூர்ப் பதிகம் தோழனாக நின்று பாடியது அன்று. பிறரை வேண்டாமல் உமக்கே ஆளாகிய அடியார் என்று பன்மையில், அடியார் எல்லாருக்குமாகவே வழக்குத் தொடுக்கிறது. சம்பந்தரும் இந்த உரிமையைப் பயன்படுத்தியவர்தான். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியாருக்கு அமுதிட இறைவனிடமிருந்து நாளும் ஆளுக்கொரு காசு அவருக்கும் அப்பருக்கும் கிடைத்தது. அப்பரின் காசு கடையில் அப்படியே சென்றது. சம்பந்தரின் காசுக்குக் கடைக்காரர் வட்டம் (தள்ளுபடி) கேட்டதால் அவர் மடத்தில் சோறு ஆக நேரமாயிற்று. வந்த அருளில் உள்ள குறையையே அவர் பதிகமாகப் பாடித் தீர்த்துக்கொண்டார். பஞ்சத்தின் நடுவே நாணயத்தின் தரத்தைப் பேசும் பக்தி இது. சமையல் நேரம் தவறியதும் இறைவனிடம் சொல்லத்தக்க செய்திதான்!

கடைசியில் சுந்தரருக்குக் கண் கிடைத்தது, கிடைக்காதவர் என்ன செய்வது என்று கேட்பவருக்கு விடை சொல்வது எளிதன்று. நான் அவரைக் காஞ்சிக்கோ ஆரூருக்கோ அனுப்ப மாட்டேன். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்றது உண்மையே. அதற்கு முன் வெண்பாக்கத்தில் அவர் பெற்றது ஊன்றுகோல் ஒன்றுதான். கோயிலில் இருக்கிறாயா என்று கேட்டதற்கு வந்த மறுமொழி, இருக்கிறோம், நீ போ என்பது மட்டுமே. கேட்டது வேறு, கிடைத்தது வேறு. ஆயினும் அவர் அங்கேயே அமர்ந்துவிடவில்லை, ஒற்றியூருக்குத் திரும்பவும் இல்லை. பார்வையில்லாமலே தெற்கு நோக்கி நடந்தார். குறை சொல்லிக்கொண்டே நடந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நோயோ வேலையிழப்போ வந்து அன்றாடம் தடைப்பட்டவருக்கு வெண்பாக்கமே நெருக்கமான தலம் என்பது என் துணிபு. பழைய வெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்துள் மூழ்கிவிட்டது. கோயிலை எடுத்து வந்து பூண்டியில் அமைத்திருக்கிறார்கள். இறைவன் பெயர் இன்றும் ஊன்றீசுவரர்தான். ஏழாம் திருமுறையின் 89ஆம் பதிகத்தையும் (வெண்பாக்கம்) 95ஆம் பதிகத்தையும் (ஆரூர்) ஒரே அமர்வில் ஓதிப் பாருங்கள். முறையிட அஞ்சுபவர்கள் 95இலிருந்தே தொடங்கலாம்.