கிண்டியில் வகுத்த கோண இலக்கணம்

பேராசிரியர் ஜி. என். இராமச்சந்திரனின் வாழ்க்கை வரலாறு இம்மலரின் வாசகர்க்குப் புதிதன்று. ஆகவே அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் புரதச் சங்கிலிகளுக்கு வகுத்த கோண இலக்கணத்துக்கும் இன்றைய கொரோனா தடுப்பூசிக்கும் உள்ள உறவை மட்டும் இக்கட்டுரை ஆராய்கிறது.

தோலுக்கும் எலும்புக்கும் உரம் தரும் கொலாஜன் என்னும் புரதத்தின் வடிவம் இன்னும் புலப்படவில்லை என்று 1952-இல் சென்னைக்கு வந்த அறிஞர் பெர்னால் எடுத்துரைத்ததே தொடக்கம். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து பெற்ற இழையில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, படத்தில் விழுந்த புள்ளிகளைக் கொண்டு, அது மூன்று சங்கிலிகள் முறுக்கிய வடம் என்பதை இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் உலகுக்கு அறிவித்தனர். அவ்வமைப்பில் சில அணுக்கள் மிக நெருங்கியிருப்பதாக ரிச், கிரிக் ஆகிய அறிஞர்கள் குறை கூறினர். பிறராயின் வாதத்தோடு நின்றிருப்பர். இராமச்சந்திரனோ அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே தனி ஆய்வாக மேற்கொண்டார். அதன் விளைவாக, இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963-இல் வெளியிட்டதே இராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஃபை, சை என்னும் இரு கோணங்களில் திரும்பும். அணுக்கள் மோதாமல் திரும்பக்கூடிய இடங்கள் எவை என்பதை அவ்வரைபடம் காட்டும். கொலாஜனில் மிகுந்துள்ள புரோலின் என்னும் அமினோ அமிலமோ வளையமாக மூடிய அமைப்புடையதாதலால், அதன் ஃபை கோணம் ஏறக்குறைய கழித்தல் 65 பாகையிலேயே கட்டுண்டு நிற்கும்.

இக்கட்டுப்பாடே பிற்காலத்தில் தடுப்பூசிக்குக் கைகொடுத்தது. கொரோனா கிருமியின் கூர்முனைப் புரதம், உயிரணுவுக்குள் நுழையும்போது விறைத்து நீண்டு உருமாறிவிடும். உடலின் எதிர்ப்பொருள்கள் அடையாளம் காண வேண்டியதோ உருமாறுவதற்கு முந்தைய வடிவத்தை. எனவே 1,273 அமினோ அமிலங்கள் கொண்ட அப்புரதத்தில் 986, 987 ஆகிய இரு இடங்களிலும் புரோலினைப் பொருத்தியபோது, சங்கிலி நேராக நீள இயலாமல் முந்தைய வடிவிலேயே நிலைத்தது. அதே இனத்தைச் சேர்ந்த மெர்ஸ் கிருமியின் புரதத்தில் 2017-இலேயே தேர்ந்த இவ்வுத்தி ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளிலும், புனேயில் தயாரான கோவோவாக்ஸிலும் இடம்பெற்றது. நம் ஊரில் பெரும்பாலோர் இட்டுக்கொண்ட கோவிஷீல்டில் இம்மாற்றம் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆயினும் எந்தப் புரத வடிவம் கண்டறியப்பட்டாலும், அது பிழையற்றதா எனச் சோதிக்க உலகெங்கும் முதலில் எடுக்கப்படும் உரைகல்களுள் ஒன்று கிண்டியில் வகுத்த வரைபடமே; இதைவிடப் பெரிய பெருமை இந்நகருக்கு வேண்டுவதில்லை.

2018-இல் கோழிக்கோட்டை உலுக்கிய நிபா கிருமியின் இணைவுப் புரதத்தையும் இதே வழியில் முந்தைய வடிவில் நிறுத்தும் முயற்சிகள் அயல்நாடுகளில் நடைபெறுகின்றன. அண்டை மாநிலத்தை அச்சுறுத்தும் அந்நோய்க்கு எதிரான பணியில், அடையாற்றிலும் கிண்டியிலும் பயிலும் இளம் ஆய்வாளர்கள் முன்வந்து ஈடுபட வேண்டும்.