நீலநாக்கு நோய்: வைரஸ் வருவதைக் காட்டும் காவல் மாடுகள்

செம்மறி ஆட்டுக்குக் காய்ச்சல் கண்டு, உதடும் முகமும் வீங்கி, நொண்டத் தொடங்கும்போதுதான் நீலநாக்கு நோய் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குள் வைரஸ் அந்தப் பகுதியில் பரவியிருக்கும். அதை முன்கூட்டியே அறிய ஆஸ்திரேலியாவில் மாடுகளைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள்.

கொசுவை விடச் சிறிய, கியூலிக்காய்ட்ஸ் எனப்படும் கடிக்கும் பூச்சிகளே இந்த வைரஸைப் பரப்புகின்றன. இவற்றில் பல வகைகள் மாட்டையே அதிகம் நாடும். கடிபட்ட மாட்டின் ரத்தத்தில் வைரஸ் பல வாரங்கள் இருந்தாலும், பெரும்பாலும் மாடு வழக்கம்போல மேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே மாட்டைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ரத்தத்தைத்தான் கேட்க வேண்டும்.

1975ல் டார்வின் அருகே பிடித்த பூச்சிகளில் கிடைத்த ஒரு வைரஸ், 1977ல் நீலநாக்கு வைரஸ் என உறுதியானது. அங்கே ஒரு ஆடுகூட நோயுற்றிருக்கவில்லை. ஆனாலும் கால்நடை ஏற்றுமதி பாதிக்கப்பட்டது. இன்று அந்நாட்டின் தேசிய ஆர்போவைரஸ் கண்காணிப்புத் திட்டம், வைரஸ் உள்ள பகுதி எது, இல்லாத பகுதி எது என்று வரைபடமே வெளியிடுகிறது.

காவலுக்கு எதிர்ப்பணு இல்லாத இளம் மாடுகளையே தேர்வு செய்கிறார்கள். பிறந்த கன்று உதவாது. சீம்பால் வழியாகத் தாயின் எதிர்ப்பணு அதற்கு வந்திருக்கலாம். தேர்வான மாடுகளை அதே இடத்தில் வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் ரத்தம் எடுக்கிறார்கள். சென்ற முறை இல்லாத எதிர்ப்பணு இம்முறை இருந்தால், இடைப்பட்ட நாட்களில் வைரஸ் வந்திருக்கிறது என்று பொருள். கூடவே விளக்குப் பொறி வைத்துப் பூச்சிகளையும் பிடித்துப் பார்க்கிறார்கள். பூச்சி இருந்தும் எதிர்ப்பணு இல்லையென்றால் அதுவும் பயனுள்ள தகவலே.

நம் விவசாயி தனியாக இதைச் செய்ய இயலாது. வளர்ந்த மாட்டில் ஒருமுறை மட்டும் பரிசோதித்தால், அது எப்போதோ தொற்றுக்கு உள்ளானது என்பது மட்டுமே தெரியும். ஆனால் பக்கத்துப் பட்டியில் நோய் வந்த பிறகு ஓடுவதை விட, தமிழ்நாட்டில் நோய் அதிகம் தலைகாட்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி பற்றிக் கேட்டு வைப்பது நல்லது. இந்த வைரஸில் இருபதுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்கான எதிர்ப்புசக்தி மற்றொன்றைத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

மாடும் ஆடும் சேர்த்து வளர்ப்பவர்கள் சாணம் கலந்த சேற்றைப் பட்டி அருகே தேங்க விடக்கூடாது. பூச்சிகள் பெருகும் இடம் அதுதான். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை அவை அதிகம் கடிக்கும். ஆட்டுக்குக் காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரை அழையுங்கள். காய்ச்சல் இருக்கும்போது எடுக்கும் ரத்தத்தில்தான் வைரஸைக் கண்டறிவது எளிது.