எதிரொலியும் பொருளும்: ஆட்டிசக் குழந்தைகளின் பேச்சு குறித்த ஆய்வு வரலாறு (1943 – 1984)

ஆட்டிசம் உடைய குழந்தைகளுள் பேசத் தொடங்குவோர் பலர், தாம் கேட்ட தொடரை அப்படியே திருப்பிச் சொல்கின்றனர். ‘தண்ணீர் வேண்டுமா?’ என்று வினவினால் ‘தண்ணீர் வேண்டுமா?’ என்பதே விடையாக வருகிறது. மருத்துவத்தில் எக்கோலேலியா என வழங்கும் இவ்வெதிரொலிப் பேச்சு நோயின் அறிகுறியா, மொழியா என்னும் வினா அமெரிக்க ஆய்வுலகில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் நீடித்தது. அதற்குத் தரப்பட்ட விடைக்கேற்பவே குழந்தைகளுக்கு அளிக்கப்பட்ட பயிற்சியும் மாறியது.

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அவர்களுள் எண்மர் பேசினர், மூவர் பேசவில்லை. பேசிய எண்மரிடத்தும் மொழி பிறருக்குப் பொருளுணர்த்தும் கருவியாகப் பயன்படவில்லை என்பது அவர் முடிபு. ஆயினும் அவர் தந்த சான்றுகள் அம்முடிபுக்குள் அடங்குவனவாக இல்லை. டொனால்ட் என்னும் சிறுவன் தனக்குக் குளிக்க விருப்பம் எழும்போது, குளிக்க வேண்டுமா என்று தாயைக் கேட்டான். ‘ஆம்’ என்று சொன்னால் தோளில் ஏற்றிக்கொள்வதாகத் தந்தை கூறியபின், அச்சொல் பல மாதங்கள் அவனுக்குத் தோளில் ஏறும் விருப்பத்தை மட்டுமே குறித்தது.

தன்மைக்குரிய இடத்தில் முன்னிலை வருவதை நம் இலக்கணிகள் இடவழு என்பர். இங்கே குழந்தை இடத்தை மாற்றவில்லை. கேட்ட தொடர் முழுவதையும் ஒரே சொல்போல எடுத்தாள்கிறது. ஆங்கிலத்தில் இம்மயக்கத்தை மூவிடப்பெயர்களே பெரிதும் காட்டுகின்றன. தமிழில் ‘குளிக்கிறாயா’ என்பதில் எழுவாய் தோன்றாமல் நிற்பதால் வினைமுற்று விகுதி ஒன்றே சான்றாகிறது. ஆங்கிலத் தரவுக்கென அமைந்த மதிப்பீட்டுப் பட்டியல்களை மொழிபெயர்த்துப் பயன்படுத்துவோர் இவ்வேறுபாட்டைக் கருத வேண்டும்.

1946இல் கானர் எழுதிய கட்டுரை, என் கருத்தில், முந்தையதினும் ஆழமானது. ஆனால் குறைவாகவே பேசப்படுவது. பால் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் மருத்துவமனையில், நாயை மேல்மாடத்திலிருந்து எறியாதே என்று கூறினான். அங்கே நாயும் இல்லை, மேல்மாடமும் இல்லை. மூன்றாண்டுகளுக்கு முன்னர் இங்கிலாந்தில் தங்கியிருந்த விடுதியின் மாடத்திலிருந்து அவன் பொம்மை நாயைக் கீழே எறிந்துகொண்டே இருந்ததையும், எடுத்துத்தந்து சலித்த தாய் அவ்வாறு கடிந்ததையும் கானர் அறிந்துகொண்டார். அன்றுமுதல் எதையேனும் எறியத் தோன்றும்போதெல்லாம் அவன் அத்தொடரைச் சொல்லித் தன்னையே தடுத்துக்கொண்டான். தொடர்பற்றதாகத் தோன்றும் பேச்சு, அதன் பிறப்பிடம் தெரிந்தால் பொருளுடையதாகிறது என்று கானர் காட்டினார். தாயின் நினைவின்றி இவ்விளக்கம் கிடைத்திராது. பெற்றோரிடம் பரிவு குறைவு என்று 1943இல் எழுதியவரும் இவரே என்பது குறிக்கத்தக்கது.

இவ்விதை முளைக்க முப்பத்தைந்து ஆண்டுகளாயின. 1960களில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் ஐவார் லோவாஸ் நடத்தைப் பயிற்சி முறையை வளர்த்தார். பேசாத குழந்தைகளுக்கு உணவைப் பரிசாக அளித்து ஒலிகளைப் போலச்செய்யக் கற்பித்ததை அவர் குழுவினர் 1966இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டே ‘லைஃப்’ இதழ், அங்கு அறையும் மின்னதிர்ச்சியும் கையாளப்பட்டதைப் படங்களுடன் வெளியிட்டிருந்தது. பேசாத குழந்தைக்குப் போலச்செய்தல் இலக்காக இருக்க, தானே எதிரொலித்த குழந்தைக்கு அதுவே நீக்கவேண்டிய குறையாயிற்று. 1978இல் லாரா ஷ்ரெய்ப்மன், எட்வர்ட் கார் ஆகியோர் வெளியிட்ட ஆய்வின் தலைப்பிலேயே எதிரொலியை ‘நீக்குதல்’ என்னும் சொல் உள்ளது. விடை தெரியாத வினாக்களை எதிரொலிக்காமல், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லக் குழந்தைகள் பழக்கப்பட்டனர். அத்தொடர் பயனுடையதே, ஆயினும், அதுவரை அக்குழந்தைகளின் எதிரொலி என்ன பணி செய்துவந்தது என்பது அங்கு ஆராயப்படவில்லை.

1981இல் பாரி பிரிசான்ட், ஜூடித் டக்கன் இருவரும் அதையே ஆராய்ந்தனர். நான்கு குழந்தைகளின் 1,009 எதிரொலிக் கூற்றுகளை ஒளிப்பதிவிலிருந்து எடுத்து, சொல்லோடு பார்வை, உடலசைவு, தொனி ஆகியவற்றையும் சேர்த்து நோக்கி ஏழு வகைகளாகப் பிரித்தனர். உரையாடலில் தன் முறையை நிறைவு செய்தல், உடன்பாடு கூறல், வேண்டுதல், செயலுக்குமுன் ஒத்திகை பார்த்தல், தன்னை நெறிப்படுத்தல் என்பன அவற்றுள் சில. கானரின் மேல்மாடத் தொடர் காலந்தாழ்ந்த எதிரொலி. இவர்கள் ஆராய்ந்தது உடனடி எதிரொலி. எனினும் தன்னை நெறிப்படுத்தல் என்னும் வகை பாலின் தொடருக்கும் பொருந்துவதே. 1984இல் பிரிசான்ட், பாட்ரிக் ரைடலுடன் இணைந்து காலந்தாழ்ந்த எதிரொலியில் 14 பணிகளை அடையாளம் கண்டார். பொருளற்ற கூற்றுகளும் உண்டு என்பதை இவ்வாய்வுகள் மறைக்கவில்லை.

இதன்பின் துணைபுரியும் முறையும் மாறலாயிற்று. எதிரொலிக்கும் குழந்தையிடம் வினாக்களை அடுக்காமல், அது சொல்லக்கூடிய வடிவிலேயே தொடரைச் சொல்லிக் காட்டுவது ஒரு வழி: குவளையை நோக்கும் குழந்தைக்கு ‘தண்ணீர் வேண்டுமா?’ என்பதற்கு மாறாக ‘எனக்குத் தண்ணீர் வேண்டும்’ என்று கூறுதல். அதை அப்படியே எதிரொலித்தாலும் தன்மை தன்மையாகவே நிற்கும். குழந்தை அடிக்கடி சொல்லும் தொடர்களையும், அவை முதலில் எங்கே, யார் வாயிலிருந்து கேட்கப்பட்டன என்பதையும் பெற்றோர் குறிப்பேட்டில் எழுதிவைப்பது மற்றொன்று. பாலின் தாய் நினைவிலிருந்து சொன்னதையே இக்குறிப்பேடு எழுத்தில் வைக்கிறது.