தொடையெலும்பும் சாதியும்: மனித உயரத்தின் வரலாற்றை யார் எழுதுவது?

ஐந்து வயது நிறைந்த ஆண் குழந்தையின் நடுநிலை உயரம் 110 செ.மீ. அது 100.7 செ.மீ.க்குக் கீழே இருந்தால் அக்குழந்தை வளர்ச்சி குன்றியதாகக் கருதப்பட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். வடசென்னையின் எம்.கே.பி. நகரிலும் வியாசர்பாடியிலும் அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளை அளந்து பதிவேட்டில் எழுதும் எண்கள் இந்த அளவுகோலோடுதான் ஒப்பிடப்படுகின்றன. அவ்வாறு குன்றிய குழந்தைகளைப் பற்றி இரண்டு விளக்கங்கள் நிலவுகின்றன. அது பிறப்பிலேயே வருவது, பரம்பரை என்பது ஒன்று. சோறும் நீரும் கழிப்பிடமும் மறுக்கப்பட்டதன் விளைவு என்பது மற்றொன்று. இவற்றுள் எது சரி என்பதற்கான பழைய சான்றுகள் மண்ணுக்கடியில் கிடைக்கும் எலும்புகளில் உள்ளன.

எலும்புக்கூட்டைத் தலை முதல் கால் வரை அளந்தால் உயரம் தெரிந்துவிடாது. உடல் மக்கியதும் மூட்டுகள் விலகும். முதுமக்கள் தாழிக்குள் மடக்கி வைக்கப்பட்ட உடலோ சரிந்து குவிந்துவிடும். ஆகவே ஆய்வாளர்கள் நீள எலும்புகளை, குறிப்பாகத் தொடையெலும்பை அளக்கின்றனர். அதன் நீளம் ஒருவரின் உயரத்தில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்று மிகுதி. 1899இல் கார்ல் பியர்சன் வகுத்த வாய்பாடு, பிரான்சின் லியோன் நகரில் ரோலே என்பவர் அளந்த 50 ஆண், 50 பெண் உடல்களை அடிப்படையாகக் கொண்டது. 1952இல் டிராட்டரும் கிளீசரும் இரண்டாம் உலகப் போரில் மாண்ட அமெரிக்கப் படைவீரர்களின் எலும்புகளைக் கொண்டு புதிய வாய்பாடுகளை வெளியிட்டனர். வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு வேறொன்று.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆண் ஒருவரின் தொடையெலும்பு 44 செ.மீ. நீளம் என்று கொள்வோம். பியர்சனின் வாய்பாடு அவருடைய உயரத்தை 164.0 செ.மீ. என்கிறது. டிராட்டர்–கிளீசரின் வெள்ளையர் வாய்பாடு 166.1 என்றும், கறுப்பர் வாய்பாடு 163.2 என்றும் கூறுகின்றன. ஒவ்வொரு மக்கள் திரளிலும் காலுக்கும் உடற்பகுதிக்கும் உள்ள விகிதம் வேறுபடுவதே இதற்குக் காரணம். பிழை எல்லையும் மூன்று செ.மீ.க்கு மேல் வரும். எனவே ஒற்றை எலும்பைக் காட்டி 'நம் முன்னோர் ஆறடி' என்று முழங்குவோரை நம்ப வேண்டியதில்லை. பல எலும்புகளின் சராசரியை ஒரே வாய்பாட்டால் கணக்கிட்டு, காலத்தோடு காலம் ஒப்பிடும்போதுதான் இம்முறைக்கு மதிப்பு.

இந்த வாய்பாடுகளுக்கு உடல் தந்தவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும். டிராட்டர் பயன்படுத்திய செயின்ட் லூயிஸ் நகரத்து டெர்ரி சேகரிப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், மருத்துவமனைகளில் இறந்து எவரும் உரிமை கோராமல் கிடந்தவர்கள். உலகின் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் தொங்கிய எலும்புக்கூடுகளோ இந்தியாவிலிருந்து சென்றவை. கொல்கத்தாவை மையமாகக் கொண்ட அவ்வணிகத்தை இந்திய அரசு 1985இல்தான் தடை செய்தது. உயிரோடு இருக்கையில் எவருடைய எண்ணிக்கையிலும் இடம்பெறாதவர்களின் எலும்புகளைக் கொண்டு மனித உடலைப் பற்றிய அறிவு கட்டப்பட்டிருக்கிறது.

இம்முறை வெளிப்படுத்திய உண்மைகள் சிறியவை அல்ல. கங்கைச் சமவெளியின் சராய் நாகர் ராய், மகதகா ஆகிய இடங்களில் வாழ்ந்த வேட்டை-சேகரிப்பு மக்கள் நெடிய உடலினர் என்று கென்னத் கென்னடி முதலிய ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். வேளாண்மை பரவிய பின் உலகின் பல பகுதிகளில் எலும்புகள் குட்டையாயின. பற்சிப்பியில் குறுக்குக் கோடுகளும் கண்குழியின் மேற்புறத்தில் நுண்துளைகளும் பெருகின. குழந்தைப் பருவத்துப் பட்டினியும் நோயும் விட்டுச் சென்ற தடயங்கள் அவை. மகாராட்டிரத்தின் இனாம்காவ்ன் குடியிருப்பில் கிடைத்த குழந்தை எலும்புகளை ஆராய்ந்த குவென் ராபின்ஸ் ஷுக், ஊரின் வாழ்வு நலிந்த பிற்காலத்தில் குழந்தைகளின் வளர்ச்சியும் தடைப்பட்டதை எடுத்துரைத்துள்ளார். ஒரே ஊர், ஒரே மண். சூழல் கெட்டதும் உடல் சுருங்கியது.

தமிழகத்தில் நிலைமை வேறு. ஆதிச்சநல்லூரில் 1876இல் தோண்டிய யாகோர் தாம் எடுத்தவற்றை பெர்லினுக்குக் கொண்டு சென்றார். 1899 தொடங்கி அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் கிடைத்த மண்டையோடுகள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. அவற்றை ஆராய்ந்து 1930இல் சக்கர்மேன் எழுதினார். அக்கால அறிஞர்கள் மீண்டும் மீண்டும் கேட்ட கேள்வி, இவர்கள் எந்த இனம் என்பதே. இவர்கள் என்ன உண்டார்கள், குழந்தைகள் எத்தனை முறை நோயுற்றார்கள் என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. கீழடியின் இடுகாடான கொந்தகையில் கிடைத்த எலும்புகளை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தினர் இப்போது மரபணு நோக்கில் ஆய்கின்றனர். அவற்றைக் கொண்டு மீட்டுருவாக்கப்பட்ட இரு முகங்களின் படங்களை நாடே பார்த்தது. அவர்களின் பற்களைப் பற்றியும் அதே ஆர்வம் எழ வேண்டும் என்பது நம் விருப்பம்.

இனம் தேடும் வேட்கை எழும்பூரில்தான் உச்சம் பெற்றது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதி சாதியாக மக்களை நிறுத்தி உயரம், தலை, மூக்கு ஆகியவற்றை அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாகத் தம் நூலை வெளியிட்டார். மூக்கின் அளவு சாதியின் படிநிலையைக் காட்டும் என்ற ரிஸ்லியின் கருத்து அந்நாளில் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதை உடைத்தவர் அண்ணல் அம்பேத்கர். தீண்டப்படாதோர் யார் என்ற வினாவை எழுப்பிய தமது 1948ஆம் ஆண்டு நூலில், குர்யே தொகுத்த அதே வகை உடல் அளவுகளையே எடுத்துக்கொண்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் ஒரே இனத்தவரே என்று நிறுவினார். அளவுகோல் எதிரியின் கையில் இருந்தது என்பதற்காக அவர் அதை வீசி எறியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எலும்பு வேண்டாத சான்றுகளும் உண்டு. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து ஃபிஜித் தீவுகளுக்கு ஏற்றப்பட்ட ஒப்பந்தக் கூலிகளின் அனுமதிச் சீட்டுகளில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், சாதி ஆகியவற்றோடு உயரமும் எழுதப்பட்டது. ஓடிப்போனால் அடையாளம் காண்பதற்கான குறிப்பு அது. பிரென்னன், மெக்டொனால்ட், ஷ்லோமோவிட்ஸ் ஆகிய மூவரும் இத்தகைய ஆவணங்களைக் கொண்டே பிரித்தானிய ஆட்சியில் தென்னிந்தியரின் வாழ்நிலையை ஆராய்ந்தனர். அக்கூலிகளுள் மூத்தோரின் குழந்தைப் பருவம் 1876–78 பெரும் பஞ்சத்தில் கழிந்தது. நிவாரண வேலையில் இருந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் குறைத்த காலம் அது. அந்தக் கூலி உயிர் வாழப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். வடசென்னை வழியாகவும் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் கூவம்–அடையாறு இணைப்புப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது.

பரம்பரை வாதத்துக்கு வருவோம். 1896க்கும் 1996க்கும் இடையில் பிறந்தவர்களை ஒப்பிட்ட உலகளாவிய ஆய்வொன்று, தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 20 செ.மீ. கூடியதைக் காட்டியது. நூறு ஆண்டுகளில் மரபணு அவ்வளவு மாறாது. உணவும் நலவாழ்வும்தான் மாறின. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலே இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து உருவாக்கப்பட்டது. தில்லியின் வசதியான வீட்டுக் குழந்தை நார்வேக் குழந்தையைப் போலவே வளர்ந்தது. ஆயினும் இந்தியக் குழந்தைகள் இயல்பிலேயே குட்டை, எனவே அளவுகோல் பொருந்தாது என்று அரவிந்த் பனகாரியா 2013இல் வாதிட்டார். அந்த வாதம் இன்றும் அரசு வட்டாரங்களில் உலவுகிறது. அளவுகோலைத் தாழ்த்தினால் ஒரு பருக்கைச் சோறுகூடக் கூடாமலேயே வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்துவிடும்.

2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வளர்ச்சி குன்றியவர்கள். பட்டியல் சாதியினரில் இது ஏறத்தாழ 39 விழுக்காடு, பழங்குடியினரில் ஏறத்தாழ 41. தமிழ்நாட்டின் சராசரி 25. டயான் காஃபி, அஷ்வினி தேஷ்பாண்டே முதலியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஒன்றைச் சொன்னது. படிநிலையில் மேலே வைக்கப்பட்ட சாதியினரை மிகுதியாக அண்டை வீட்டாராகக் கொண்ட இடங்களில், கீழே வைக்கப்பட்ட சாதிக் குழந்தைகளின் உயரக் குறைவும் மிகுதி. வருமானத்தை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. பொதுக் குழாய்க்கும் மருந்தகத்துக்கும் செல்லும் வழியில் நிற்கும் தீண்டாமையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நாளைய ஆய்வாளருக்கு நம் எலும்புகளாவது கிடைக்குமா என்பதும் ஐயமே. மொழிப்போரில் உயிர்நீத்த தாளமுத்துவும், தலித் இளைஞரான நடராசனும் துயிலும் மூலக்கொத்தளம் இடுகாட்டு நிலத்திலேயே குடிசை மாற்று வாரியம் அடுக்குமாடி கட்டத் திட்டமிட்டபோது எதிர்ப்பு எழுந்தது நினைவிருக்கும். ஆகவே உயிரோடிருப்பவர்களின் அளவுகள் முதன்மை பெறுகின்றன. தேசிய ஆய்வின் மாவட்ட அறிக்கை சென்னை முழுவதற்கும் ஒரே எண்ணைத் தருகிறது. அதில் வட்டமும் இல்லை, சாதியும் இல்லை. எம்.கே.பி. நகர்க் குழந்தைகளின் உயரம் அண்ணா நகர்க் குழந்தைகளின் உயரத்தோடு கலந்து கரைந்துவிடுகிறது. அங்கன்வாடிப் பதிவேடுகளில் அந்த எண்கள் ஏற்கெனவே உள்ளன. பெயர்களை நீக்கி, வட்டவாரியாகவும் சமூகவாரியாகவும் அவற்றை வெளியிட மாநகராட்சிக்கோ அரசுக்கோ புதிய செலவு ஏதுமில்லை.