பாய்ஸ் கம்பெனிகளும் தமிழ் மேடைக் குரலும்

சிறுவர்களை மட்டுமே நடிகர்களாகக் கொண்டு ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்திய தொழில்முறைக் குழுக்களுக்குப் பாய்ஸ் கம்பெனி என்று பெயர். 1910களில் மதுரையைச் சுற்றி முளைத்த இவை ஏறத்தாழ 30 ஆண்டுகள் தமிழ் மேடையை ஆண்டன. எம்.ஜி.ஆர்., சிவாஜி கணேசன், பி.யு. சின்னப்பா, என்.எஸ். கிருஷ்ணன், எம்.ஆர். ராதா, எம்.என். நம்பியார் என்று பின்னாளில் திரையில் பேர் வாங்கியவர்களில் பலர் அங்கே பாடம் கேட்டவர்கள்தாம்.

சிறுவர்களை வைத்து நாடகம் போடும் எண்ணம் வந்ததற்குக் காரணம் பெரியவர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடக மேடை பாட்டுக்காரர்களின் கையில் இருந்தது. நல்ல சாரீரம் உள்ள ராஜபார்ட், அதாவது கதாநாயக வேட நடிகர், எழுதிக் கொடுத்த பாட்டோடு நிற்கமாட்டார். எதிரே பெண் வேடத்தில் நிற்கும் ஸ்திரீபார்ட்டை வம்புக்கு இழுத்துத் தர்க்கம் செய்வார். சபை கைதட்டினால் அதே பாட்டை மறுபடி பாடுவார். கதை எங்கோ நிற்க, போட்டி விடிய விடிய நடக்கும். ரசிகர்களுக்கு அது விருந்து. நாடகம் எழுதியவருக்கோ தலைவலி.

அப்படி எழுதியவர்களில் முதன்மையானவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். எமன், சனீஸ்வரன், இரணியன் போன்ற உக்கிரமான வேடங்களில் நடித்துவிட்டு, பிறகு நடிப்பை விட்டு ஆசிரியரானார். புதுக்கோட்டைக் கஞ்சிரா வித்துவான் மான்பூண்டியா பிள்ளையிடம் லய ஞானம் பெற்றார். பிள்ளை அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், அபிமன்யு சுந்தரி உள்ளிட்ட பல நாடகங்கள் அவர் எழுதியவை. நாட்டுப்புற மெட்டும் கர்நாடக ராகமும் பார்சி நாடகக்காரர்கள் கொண்டுவந்த வடநாட்டு வர்ணமெட்டும் அவற்றில் அடுத்தடுத்து வரும். 1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தொடங்கிய அவர், 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். இரண்டாவது, முழுக்கச் சிறுவர்களுக்கானது. வாத்தியார் சொன்னதை மீறாத நடிகர்கள் அவருக்குக் கிடைத்தது அங்கேதான்.

அந்தச் சபையில் சேர்ந்தவர்களில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப்பட்டவர்களில் சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகியோரும் அடக்கம். 1912இல் பிறந்த சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. அவர் பின்னாளில் எழுதிய ‘எனது நாடக வாழ்க்கை’ என்ற நூல் இந்தக் கம்பெனிகளின் உள்வாழ்க்கையைச் சொல்லும் முதன்மைச் சான்று. கடைசிக் காலத்தில் பக்கவாதத்தால் பேச்சிழந்த சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார்.

இதே காலத்தில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, ஜெகந்நாத ஐயரின் பால மீன ரஞ்சனி சங்கீத சபை, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனி எனப் பல குழுக்கள் எழுந்தன. வறுமைப்பட்ட வீடுகளிலிருந்தே பெரும்பாலான பையன்கள் வந்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடும் துணியும் கிடைத்தால் போதும் என்று பெற்றோர் விட்டுச் சென்றனர், சம்பளம் சொற்பம். கம்பெனி ஓர் ஊரில் மாதக்கணக்கில் முகாம் போடும். பையன்கள் கம்பெனி வீட்டில் ஒன்றாகத் தங்கி, பகலில் பாடமும் பாட்டும் கற்று, இரவில் ஆடுவார்கள். பள்ளிக்கூடம் கிடையாது. வசனம் தவறினால் அடி உண்டு. இதைக் குருகுலம் என்று புகழ்வது பிற்காலத்து வழக்கம். குழந்தை உழைப்பு என்ற பெயரும் அதற்குப் பொருந்தாமல் போகாது.

ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் கேட்க வேண்டும். எனவே மேல் கட்டையில் பாடும் குரலுக்குத்தான் மதிப்பு. சிறுவனுக்கு அது இயல்பிலேயே அமைந்திருந்தது. பெண் வேடத்துக்கும் அவனே பொருத்தம். ஆனால் அந்தக் குரலுக்கு ஆயுள் குறைவு. பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து தொண்டை கரகரத்துவிட்டால் நேற்று வரை கதாநாயகனாக இருந்தவன் இன்று கூட்டத்தில் ஒருவன். குரல் திரும்பி வந்தால் ராஜபார்ட். வராவிட்டால் சேவகன், பபூன், அல்லது திரைச்சீலை இழுக்கும் வேலை. புதுக்கோட்டைக்காரரான பி.யு. சின்னப்பா ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பேர்பெற்ற ராஜபார்ட்டாக இருந்து, குரல் உடைந்ததும் ஊர் திரும்பினார். சங்கீதத்தோடு சிலம்பம், குஸ்தி எல்லாம் கற்றுக்கொண்டு மீண்டு வந்தவர், 1940இல் ‘உத்தம புத்திரன்’ படத்தில் இரட்டை வேடத்தில் நடித்தார்.

வளர்ந்த நடிகர்களுக்கு வேறு வழி ஒன்றும் இருந்தது. அதுவே ஸ்பெஷல் நாடகம். நிரந்தரக் கம்பெனி இல்லை, ஒத்திகை இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்தும் வந்து, அன்றிரவு மேடையில்தான் சந்தித்துக்கொள்வார்கள். சுவாமிகளின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்ததால்தான் இது நடந்தது. போட்டிப் பாட்டை அடக்க நினைத்தவருடைய எழுத்தே போட்டிப் பாட்டின் பொதுச் சொத்தானது வேடிக்கை. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் இந்த மேடையின் உச்சம். 1933இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27தான். கணவரை இழந்து வெள்ளை உடுத்தி மேடையை விட்டு ஒதுங்கிய சுந்தராம்பாள், 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நடிக்க ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார்.

பேசும் படம் வந்ததும் கம்பெனிகள் உடனே அழிந்துவிடவில்லை. முதலில் அவை படத்துக்குள் குடிபுகுந்தன. 1931இல் ‘காளிதாஸ்’ வெளிவந்த பிறகு, படமெடுத்தவர்களுக்குத் தேவைப்பட்ட பாட்டுத் தெரிந்த நடிகர்களும் தயாராக இருந்த கதைகளும் நாடகத்தில்தான் இருந்தன. எம்.கே. தியாகராஜ பாகவதர் மேடையில் நடித்துவந்த ‘பவளக்கொடி’ 1934இல் படமாயிற்று. மறு ஆண்டு டி.கே.எஸ். குழுவின் ‘மேனகா’வும் நவாப் ராஜமாணிக்கம் குழுவின் ‘பக்த ராமதாஸ்’ படமும் வந்தன. ராமதாஸ் கதையில் நவாப் வேடமிட்டதால்தான் ராஜமாணிக்கத்துக்கு அந்தப் பட்டப்பெயர் நிலைத்தது. அவருடைய தேவி பால வினோத சங்கீத சபா ஆண்களை மட்டுமே கொண்டது. கட்டுப்பாட்டுக்கும் தந்திரக் காட்சிகளுக்கும் பேர்போன அதன் ‘தசாவதாரம்’, ‘இயேசுநாதர்’ நாடகங்கள் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் சேர்த்தன.

நிலைமையைத் தலைகீழாக்கியது பின்னணிப் பாட்டு. 1938இல் ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் நடிகைக்காக வேறொருவர் பாடினார். 1945இல் ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் கதாநாயகி ருக்மணியின் பாட்டுக்குப் பதிலாகப் பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார்கள். நாயகன் டி.ஆர். மகாலிங்கம் மட்டும் கிட்டப்பா பாணியில் உச்ச ஸ்தாயியில் தானே பாடினார். நடிப்பவர் பாடத் தேவையில்லை என்றானபின் மகரக்கட்டு யாருடைய பிழைப்பையும் கெடுக்கவில்லை. பாய்ஸ் கம்பெனியில் அடிபட்டுக் கற்ற இன்னொரு வித்தைக்கு அப்போது விலை ஏறியது. மூச்சை அடக்கி, சொல் சிதையாமல், நீண்ட வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு பேசும் வித்தை அது. 1952இல் ‘பராசக்தி’யில் மு. கருணாநிதியின் வசனத்தை சிவாஜி கணேசன் பேசியபோது கேட்டது பொன்னுசாமிப் பிள்ளை கம்பெனியில் பழகிய குரல். எம்.ஆர். ராதா அதே பயிற்சியைக் கட்டைக் குரலாகவும் கீச்சுக் குரலாகவும் உடைத்துப் பேசித் தமக்கென ஒரு நடையை உண்டாக்கினார். 1954இல் படமான ‘ரத்தக்கண்ணீர்’ அதற்குச் சாட்சி.

சினிமா ஒவ்வொருவராக இழுத்துக்கொள்ள, 1940களின் இறுதிக்குள் கம்பெனிகள் மெலிந்தன. நாடகம் நடந்த கொட்டகைகள் படம் காட்டத் தொடங்கின. பெண் வேடத்துக்குப் பெண்களே வந்துவிட்டார்கள். சண்முகம் மட்டும் ‘ஔவையார்’ நாடகத்தில் கிழவி வேடம் தாங்கி ‘ஔவை சண்முகம்’ ஆனார். 1953இல் ஜெமினி எடுத்த படத்தில் அந்த வேடம் சுந்தராம்பாளுக்குப் போயிற்று. சென்னையில் சபா நாடகங்கள் வேறொரு ரசிகர் கூட்டத்தோடு வளர்ந்தன. ஸ்பெஷல் நாடகம் மட்டும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் நிற்கவில்லை. பங்குனி தொடங்கி ஆடி வரையிலான கோயில் திருவிழாக்களில் இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடியும் வரை வள்ளி திருமணம் நடக்கிறது. ஆர்மோனியக்காரர் மேடையின் ஓரத்தில் அமர்ந்து பின்பாட்டுப் பாட, வள்ளியாக ஒரு பெண்ணே வந்து முருகனோடு தர்க்கம் செய்கிறார்.