பின்னொட்டிலிருந்து விழுக்காட்டுக் குறிக்கு: ‘மேக்’ விதிகளின் வரலாறு

1976ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பெல் ஆய்வகம். ‘யாக்’ நிரலை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் கொதிப்போடு ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் நுழைந்தார். சரியாக எழுதப்பட்ட நிரலில் பிழை தேடியே அவருடைய காலைப்பொழுது கழிந்திருந்தது. பிழையைத் திருத்தியாகிவிட்டது, திருத்திய கோப்பு மட்டும் மறுபடி கம்பைல் ஆகாமல் கிடந்தது. முந்தைய மாலை ஃபெல்ட்மனும் இதே தொல்லையில் சிக்கியிருந்தார். அந்த வார இறுதியிலேயே ‘மேக்’ பிறந்தது.

எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதிவைத்தால், கோப்புகளின் நேரக்குறிப்பை ஒப்பிட்டு, பழையதானதை மட்டும் மேக் புதுப்பிக்கும். ஆனால் நூறு சி கோப்புகளுக்கு ஒரே கட்டளையை நூறு முறை எழுத யாருக்குப் பொறுமை உண்டு? ஃபெல்ட்மன் 1979இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதற்கு விடை இருக்கிறது: பின்னொட்டு விதி. ‘.சி.ஓ’ என்று தலைப்பிட்டு ஒரு கட்டளை எழுதினால், ‘.சி’ என முடியும் எந்தக் கோப்பிலிருந்தும் ‘.ஓ’ கோப்பை உண்டாக்கும் வழி அதுவே. வழக்கமான விதிகள் மேக்கினுள்ளேயே பொதிந்து வந்ததால், பலர் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

இந்த விதிக்குக் கோப்புப் பெயரின் வால் மட்டுமே தெரியும் என்பதுதான் சிக்கல். பெல் ஆய்வகத்திலேயே உருவான எஸ்சிசிஎஸ் என்னும் பதிப்புக் காப்பு முறை, தன் கோப்புகளின் பெயருக்கு முன்னால் ‘எஸ்.’ சேர்த்தது. முன்னொட்டைச் சொல்லப் பின்னொட்டு விதியில் இடமேது? சிஸ்டம் 5 யூனிக்ஸின் மேக், ‘.சி~’ என வாலில் ஓர் அலைக்குறியை ஒட்டி, அதற்கு முன்னொட்டு என்று பொருள் கொள்ளச் செய்தது. ஒட்டுப்போட்ட வேலை என்பதை மறைக்க முடியாது. தவிர, பின்னொட்டு விதியில் கூடுதலாக ஒரு தலைப்புக் கோப்பைச் சார்பாகச் சேர்த்தால், குனு திட்டத்தின் மேக்கான ‘குனு மேக்’கின் கையேட்டின்படி அது பொதுவிதியாக இல்லாமல் ‘.சி.ஓ’ என்ற பெயருள்ள ஒரே கோப்புக்கான விதியாகிவிடும்.

‘%’ குறி இந்த முடிச்சை அவிழ்த்தது. ‘%.ஓ : %.சி’ என்னும் விதியில் ‘%’ எந்த எழுத்துத் தொடருக்கும் பொருந்தும். பொருந்திய பகுதியே இருபுறமும் நிற்கும். அதன் முன்னும் பின்னும் என்ன வேண்டுமானாலும் வரலாம். ‘% : எஸ்.%’ என எழுதினால் எஸ்சிசிஎஸ் சிக்கல் ஒரே வரியில் தீர்கிறது. இந்தக் குறியை முதலில் கண்டுபிடித்தவர் யாரென்று தமக்கு உறுதியில்லை என்று குனு மேக்கின் கையேடே ஒப்புக்கொள்கிறது. பெல் ஆய்வகத்தின் ஆண்ட்ரூ ஹியூம் 1987இல் அறிமுகப்படுத்திய ‘எம்கே’ இன்னும் ஒரு படி ஏறி, விதிகளில் முறைசார் கோவைகளையும் அனுமதித்தது. யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான 1992இன் போசிக்ஸ் தரமோ பின்னொட்டு விதிகளோடு நின்றுகொண்டது.

சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. ஒரே கோப்புக்கு இரண்டு விதிகள் பொருந்தினால் எது செல்லும்? முன்னர் எழுதப்பட்ட விதியே குனு மேக்கில் வென்றது. 2010இல் வந்த 3.82 பதிப்பிலிருந்து ‘%’ பிடிக்கும் பகுதி மிகக் குறுகியதாக உள்ள விதிக்கே முதலிடம். தேடும் வேலையும் கூடியது. விதி எழுதப்படாத கோப்பு எதிர்ப்பட்டால், பொதிந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும் குனு மேக், பெரும்பாலோர் மறந்துவிட்ட எஸ்சிசிஎஸ் கோப்புகளையும் விடாமல் தேடுகிறது.

குரோம் உலாவிக்காக இவான் மார்ட்டின் எழுதிய ‘நிஞ்சா’ இந்தத் தேடலையே வேண்டாமென்றது. அதில் ‘%’ போன்ற பாங்கு விதி கிடையாது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி. அதை மனிதர் எழுதுவதில்லை, சிமேக் போன்ற வேறொரு நிரல் எழுதித் தரும். பெருந்திட்டங்களுக்கு இதுவே சரியான பிரிவினை. கையால் எழுதும் சிறு திட்டத்துக்கு ‘%’ போதும். லினக்ஸ் கெர்னல் இடைவழியில் நிற்கிறது: ‘%’ விதிகளைத் தானே எழுதிக்கொண்டு, மேக்குடன் பொதிந்து வந்த விதிகளை ‘-ஆர்’ தேர்வால் முடக்கிவிடுகிறது.